பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு எந்த இருக்கை, எவ்வளவு உயரம்?

கால்கள்மேல் கிடைமட்டமாக நிற்கும், தந்திகளின்மேல் எஃகுக் கட்டையை நகர்த்தியும் பெடல்களாலும் முழங்கால் லீவர்களாலும் சுருதியை மாற்றியும் வாசிக்கப்படும் வாத்தியம் பெடல் ஸ்டீல் கிட்டார். பத்துத் தந்திகள் கொண்ட ஒற்றைக் கழுத்துக் கிட்டார் ஒன்றை வாங்கி, நான்கு மாதங்களாகச் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து பழகி வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அரை மணி நேரத்துக்குள் கீழ்முதுகு வலிக்கிறது, இடது தொடையின் பின்பக்கம் மரத்துப்போகிறது என்கிறீர்கள். டிரம் வாசிப்பவர்கள் உட்காரும் ஸ்டூலா, உயரம் மாற்றக்கூடிய பியானோ பெஞ்சா, ஸ்டீல் வாசிப்பவர்களுக்கென்றே செய்யப்படும் பெட்டி இருக்கையா, இவற்றில் எதை, எத்தனை அங்குல உயரத்தில் வாங்குவது என்பது உங்கள் கேள்வி.

வாங்குவதற்கு முன் அளவு பார்த்துவிடுங்கள். கிட்டாரின் உயரத்தை முதலில் உங்கள் கால்களுக்கு ஏற்ப நிலைநிறுத்த வேண்டும். அதன் பிறகே இருக்கையின் உயரத்தை உங்கள் கைகளுக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கையில் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து, அதற்கேற்பக் கிட்டாரின் கால்களை ஏற்றி இறக்கி, இரண்டுக்கும் நடுவே மிஞ்சுகிற இடத்தில் உடம்பை வளைத்துப் பொருத்திக்கொள்கிறார்கள். முதல் ஓராண்டு நானும் அப்படித்தான் வாசித்தேன். அந்த ஓராண்டில் என் இடது காலுக்குப் படிந்த தவறான பழக்கங்களை மாற்ற அதைவிட அதிக காலம் ஆயிற்று என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

இந்த வாத்தியத்துக்கு இருக்கை ஏன் இத்தனை முக்கியமாகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும். சாதாரணமாக ஒரு நாற்காலியில் உட்காரும்போது உடம்பின் எடையில் ஒரு பங்கைப் பாதங்கள் தாங்குகின்றன. முன்னால் சாயும்போது நம்மை அறியாமலேயே பாதங்களைத் தரையில் ஊன்றிக்கொள்கிறோம். பெடல் ஸ்டீலில் அந்த வசதி கிடையாது. இடது பாதம் ஏ, பி, சி என்னும் மூன்று பெடல்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது முழங்கால் இடப்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் என மூன்று திசைகளில் லீவர்களைத் தள்ள வேண்டும். வலது பாதம் எந்நேரமும் வால்யூம் பெடலின் மேல் இருக்க வேண்டும். வலது முழங்காலுக்கும் பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு லீவர்கள் உண்டு. ஆதியில் மடியில் கிடத்தி வாசிக்கப்பட்ட ஸ்டீல் கிட்டார் பிறகு கால்கள் பொருத்தப்பட்டுத் தரையில் நின்றது. அப்போதும் வாசிப்பவரின் கால்களுக்குப் பெரிய வேலை இல்லை. வெப் பியர்ஸ் பாடி 1954-இல் வெளிவந்த ஒரு பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை அழுத்திச் சுருதியை நெகிழ வைத்த பிறகுதான், காலின் அசைவே இசையின் பகுதி என்ற நிலை பரவலாயிற்று. முழங்கால் லீவர்கள் வழக்கமான அமைப்பாக ஆனது அதற்கும் பின்னர். ஆகவே உடம்பைத் தாங்கும் பொறுப்பிலிருந்து இரண்டு கால்களும் விடுவிக்கப்பட்டாக வேண்டும், அந்தப் பொறுப்பு முழுவதும் இருக்கைமீது விழுகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இப்போது நீங்கள் பயன்படுத்தும் நாற்காலியிலேயே வாசிக்கும் நிலையில் உட்கார்ந்து, இரு கைகளையும் தந்திகளின்மேல் வைத்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் பெடல்களிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் தூக்குங்கள். உடம்பு முன்னாலோ பின்னாலோ சாயாமல், கைகளைக் கிட்டாரின்மேல் ஊன்ற வேண்டிய தேவை இல்லாமல், இரண்டு மூச்சு நேரம் அப்படியே இருக்க முடிந்தால் இருக்கை தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். சாப்பாட்டு நாற்காலியில் இது முடியாமல் போகவே வாய்ப்பு அதிகம். இன்னொரு சோதனையைக் காதால் செய்யலாம். வால்யூம் பெடலைப் பாதி நிலையில் நிறுத்தி, ஒரு ஸ்வரத்தை மீட்டி, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பி பெடலை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள். சுருதி மட்டுமே மாற வேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒலியின் அளவும் சேர்ந்து ஏறி இறங்கினால், இடது காலின் விசையைச் சமன்செய்ய உங்கள் வலது பாதம் வால்யூம் பெடலை ஊன்றுகோலாகப் பயன்படுத்துகிறது. இதைக் கை நடுக்கம் என்றோ ஆம்ப்ளிஃபையரின் கோளாறு என்றோ எண்ணிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாணவருக்கு இருக்கையை மாற்றிய அன்றைக்கே அந்த அலைவு நின்றது.

இனி அளவுக்கு வருவோம். தரையில் குதிகால் பதிந்திருக்கும்போது முழங்கால் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைக் காலின் கீழ்ப்பகுதி நீளமும் காலணியும்தான் ஏறத்தாழ முழுமையாகத் தீர்மானிக்கின்றன. இருக்கையை இரண்டு அங்குலம் ஏற்றினாலும் இறக்கினாலும் முழங்கால் பெரிதாக நகராது, தொடையின் சாய்வுதான் மாறும். லீவர்களோ கிட்டாரின் அடியிலிருந்து தொங்குகின்றன. எனவே லீவர்கள் முழங்காலுக்குச் சரியான இடத்தில் வந்து சேர்வது கிட்டாரின் உயரத்தைப் பொறுத்த விஷயம். வாசிக்கும்போது அணியும் காலணியோடு உட்கார்ந்து, இடது பாதத்தின் முன்பகுதியை ஏ, பி பெடல்களின்மேல் வைத்து, குதிகாலைத் தரையில் பதியுங்கள். அப்போது தொடையின் மேற்புறத்துக்கும் கிட்டாரின் அடியில் உள்ள இரும்பு உறுப்புகளுக்கும் இடையில் இரண்டு விரல்கள் படுத்த நிலையில் தாராளமாக நுழைய வேண்டும். மேல்நோக்கித் தள்ளும் லீவர் உங்கள் கிட்டாரில் இருந்தால், சும்மா இருக்கும்போது அது முழங்காலைத் தொடக்கூடாது. குதிகாலைச் சற்று உயர்த்தியதும் தொட வேண்டும். பக்கவாட்டு லீவர்கள் முழங்காலின் பக்கத்தில், லீவரின் கீழ்ப்பாதியில் வந்து படிய வேண்டும். கிட்டார் தாழ்வாக இருந்தால் முழங்கால் லீவரின் சுழல்முனைக்கு அருகில் பட்டு, அதைத் தள்ளுவதற்கு அதிக விசை தேவைப்படும். உயரமாக இருந்தால் நுனி மட்டுமே தொட்டு, விசை குறைந்தாலும் முழங்கால் அதிக தூரம் நகர வேண்டியிருக்கும், சில நேரம் வழுக்கியும் விடும்.

கிட்டாரை உயர்த்த வேண்டியிருக்கிறது என்று தெரிந்தால் ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். பெடல்களைத் தாங்கும் குறுக்குச் சட்டம் முன்பக்கக் கால்கள் இரண்டுக்கும் நடுவே கிட்டத்தட்டத் தரைமட்டத்தில் இருக்கிறது. பெடல்களிலிருந்து மேலே செல்லும் கம்பிகள் கிட்டாரின் அடியில் போய் மாட்டிக்கொள்கின்றன. கால்களை நீட்டினால் அந்தக் கம்பிகளின் நீளமும் அதே அளவு கூட வேண்டும். சிறிய மாற்றத்தைக் கம்பியின் முனையில் உள்ள திருகிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ என்றால் நீளமான கால்களும் நீளமான கம்பிகளும் வாங்க வேண்டும். நான்கு கால்களின் அடியிலும் மரக்கட்டைகளை வைத்து உயர்த்துவதைச் சிலர் சுருக்கு வழியாகச் சொல்வார்கள். அதனால் பெடல்களும் தரையிலிருந்து அதே அளவு உயர்ந்துவிடும். குதிகாலை ஊன்ற இடமின்றி இடது கால் முழுவதையும் தொடைத் தசையே தூக்கிப் பிடிக்க வேண்டிய நிலை வரும். மேடையின் தரை சமமாக இல்லாத இடத்தில் ஒரு காலுக்கு அடியில் மெல்லிய அட்டை வைப்பதோடு அந்த உத்தியை நிறுத்திக்கொள்வது நல்லது.

கிட்டார் தன் உயரத்தில் நின்ற பிறகு இருக்கையை முடிவு செய்யலாம். தோள்கள் தளர்ந்து, மேற்கைகள் பக்கவாட்டில் இயல்பாகத் தொங்கி, முழங்கைகள் தந்திகளின் மட்டத்தைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். முன்கைகள் கிடைமட்டமாகவோ விரல்களை நோக்கிச் சிறிது சரிந்தோ அமைய வேண்டும். இடது கையில் இருக்கும் எஃகுக் கட்டை 200 கிராமுக்குக் குறையாது. அதன் எடை தந்திகளின்மேல் படுத்திருக்க வேண்டுமே தவிர, அதைத் தோளிலிருந்து தூக்கிப் பிடிக்கக்கூடாது. இருக்கை தாழ்வாக இருந்தால் தோள்கள் காதுகளை நோக்கி ஏறும், இரவில் படுக்கும்போது தோள்பட்டை எலும்புகளின் நடுவே எரிச்சல் தெரியும். மிக உயரமாக இருந்தால் முதுகு கூன் விழுந்து, கழுத்து முன்னால் நீண்டு, பின்கழுத்து இறுகும். இடுப்பு மூட்டு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி தொடை முன்னோக்கி மெல்லச் சரிந்திருப்பது, பக்கவாட்டு லீவர்களுக்கும் கீழ்முதுகின் இயல்பான வளைவுக்கும் நல்லது. வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இந்த உயரம் 17 முதல் 20 அங்குலத்துக்குள், அதாவது ஏறத்தாழ 43 முதல் 51 சென்டிமீட்டருக்குள் அமையும். நீங்கள் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய பிறகு இருக்கும் உயரத்தையே இங்கே சொல்கிறேன். மெத்தை ஓர் அங்குலம் அமுங்கும் என்றால், விற்பவர் சொல்லும் எண்ணிலிருந்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொடை மரத்துப்போவதற்குக் காரணம், பெரும்பாலும், நாற்காலியின் முன்விளிம்பு. சாப்பாட்டு நாற்காலிகளில் உட்காரும் பலகை பின்னோக்கிச் சற்றே சரிந்திருப்பதால் முன்விளிம்பு உயர்ந்து நிற்கும். சாப்பிடும்போது இது தெரிவதில்லை. ஸ்டீல் வாசிக்கும்போது இடது காலின் முன்பகுதி அழுந்தி, மேலெழும்பி, பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பதால், தொடையின் அடிப்புறம் அந்த விளிம்பில் நூற்றுக்கணக்கான முறை உரசி அழுந்துகிறது. பலகையின் பின்சரிவு இடுப்பெலும்பைப் பின்னால் சாய்த்து, கீழ்முதுகை உருண்டையாக்கிவிடுகிறது. உங்கள் முதுகு வலியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஆகவே எந்த இருக்கையை வாங்கினாலும் அதன் முன்விளிம்பில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். மெத்தைக்கு அடியில் கூரான மர விளிம்பு தட்டுப்பட்டால் அது வேண்டாம். விளிம்பு வளைந்து கீழே இறங்க வேண்டும். இருக்கையின் ஆழம் முழுவதையும் நிரப்பி உட்காராமல், முன்பக்கத்து மூன்றில் இரண்டு பங்கில் மட்டும் உட்கார்ந்து, தொடையின் பெரும்பகுதியை வெளியே விடுங்கள். புட்டத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்தால் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். எடை முழுவதும் அந்த இரண்டின்மேல் சமமாக இறங்க வேண்டும்.

மெத்தையைப் பொறுத்தவரை, கடையில் உட்கார்ந்தவுடன் சுகமாகத் தோன்றுவது பெரும்பாலும் தவறான தேர்வாகவே முடிகிறது. மிருதுவான ஸ்பாஞ்சில் உட்காரும்போது எலும்பு முனைகள் கீழே புதைந்து, சுற்றியுள்ள ஸ்பாஞ்சு தொடையை மேல்நோக்கித் தள்ளும். லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் இடுப்பு ஒருபக்கம் சாயும். அடர்த்தியான ஃபோம் இரண்டு அங்குல கனத்தில் இருந்தால் போதும். கட்டைவிரலால் முழு வலுவோடு அழுத்தினால் பாதி வரை இறங்கி, எடுத்தவுடன் எழ வேண்டும். மேலுறை வழவழப்பான ரெக்சினாக இருந்தால் வியர்வையில் துணி ஒட்டிக்கொள்ளும், அல்லது வழுக்கும். சற்றுச் சொரசொரப்பான துணி உறை, இடுப்பைப் பிடித்து வைத்துக்கொண்டே தேவையான போது நகரவும் விடும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று வகைகளைப் பார்க்கலாம். டிரம் ஸ்டூலின் பெரிய வசதி அதன் உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பதும், மூன்று அல்லது நான்கு கால்களில் உறுதியாக நிற்கும் என்பதும். அதன் குறை, பல ஸ்டூல்களில் உட்காரும் தட்டு சுழலும் என்பது. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். ஏறத்தாழ ஆறு மாதங்கள் சுழலும் ஸ்டூலில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இடது முழங்காலால் வலப்பக்கம் தள்ளும் லீவர் மட்டும் எப்போதும் பாதி தூரமே போவதுபோல் இருந்தது. சுருதி முழுமையாக இறங்கவில்லை. லீவரின் நிறுத்தத் திருகை மாற்றினேன், ஸ்பிரிங்கைத் தளர்த்தினேன், எண்ணெய் விட்டேன். ஒருநாள் தரையில் குனிந்து விழுந்த விரல்நகத்தை (தந்தியை மீட்ட விரலில் மாட்டும் பிக்கை) எடுத்த நண்பர், நான் லீவரைத் தள்ளும்போதெல்லாம் ஸ்டூலின் தட்டு எதிர்த்திசையில் திரும்புவதைப் பார்த்துச் சொன்னார். முழங்கால் வலப்பக்கம் தள்ளும் விசைக்கு எதிர்விசை இடுப்பில் இறங்குகிறது. தட்டு கட்டுண்டு நிற்காவிட்டால் அந்த விசை உடம்பைச் சுழற்றுவதில் வீணாகிறது. தண்டில் உள்ள பூட்டைத் திருகிச் சுழற்சியை முற்றாக நிறுத்தக்கூடிய ஸ்டூலாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அதேபோல, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பெடலை அழுத்த அழுத்த அது பின்னால் போகும்.

டிரம் ஸ்டூல்களில் வட்டத் தட்டும் உண்டு, மோட்டார் சைக்கிள் சீட்டைப்போல் முன்பக்கம் குறுகிய தட்டும் உண்டு. குறுகிய வகை தொடைகளுக்கு இடம் விடுவதால் விளிம்பு உறுத்தாது. உங்களைப்போல் மூன்று பெடல் உள்ள ஒற்றைக் கழுத்துக் கிட்டார் வாசிப்பவருக்கு அது நன்றாகவே பொருந்தும். ஆனால் அது உடம்பை ஒரே இடத்தில் பூட்டிவிடுகிறது. ஈ9 என்னும் சுருதி அமைப்புக்கான கழுத்தோடு சி6 அமைப்புக்கான கழுத்தும் சேர்ந்த இரட்டைக் கழுத்துக் கிட்டாரில் எட்டுப் பெடல்கள் இருப்பது வழக்கம். சி6-இன் பெடல்களுக்காக இடது பாதம் வலப்பக்கமாக வெகுதூரம் போக வேண்டியிருப்பதால், இடுப்பைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளத் தட்டையான, அகலமான இருக்கை வேண்டும். பின்னால் இரட்டைக் கழுத்துக்குப் போகும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் குறுகிய தட்டை வாங்காதீர்கள்.

வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது, பக்கத்தில் உள்ள குமிழைத் திருகி உயரத்தை நுணுக்கமாக மாற்றக்கூடிய பியானோ பெஞ்ச். அது சுழலாது, நகராது, மெத்தை உறுதியானது, அகலம் போதுமானது. கிட்டார் இல்லாத வேளையில் உட்கார்ந்து படிக்கவும் உதவும் என்பது கூடுதல் நன்மை. அதன் எடையும், எடுத்துச் செல்ல முடியாத அமைப்பும்தான் குறைகள். கீபோர்டு வாசிப்பவர்கள் பயன்படுத்தும் மடக்குப் பெஞ்ச் எளிதில் தூக்கிச் செல்லக்கூடியது. ஆனால் பக்கவாட்டில் தள்ளும்போது ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் அதன்மேல் உட்கார்ந்து, இரு முழங்கால்களையும் விரித்து இடுப்பை இடமும் வலமும் வேகமாக அசைத்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். வெறும் காலால் பெடலை அழுத்துவதுபோல் பாவனை செய்வதற்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

பெட்டி இருக்கை ஸ்டீல் வாசிப்பவர்களின் தேவையிலிருந்தே பிறந்தது. மூடியின்மேல் மெத்தை, உள்ளே வால்யூம் பெடல், கேபிள்கள், எஃகுக் கட்டை, விரல்நகங்கள், சுருதி திருத்தும் கருவிகள். இரட்டைக் கழுத்துக் கிட்டார் தன் பெட்டியோடு சேர்த்து 30 கிலோவை ஒட்டி இருக்கும். அதையும் ஆம்ப்ளிஃபையரையும் சுமக்கும் ஒருவருக்கு, இன்னொரு பையையும் ஒரு ஸ்டூலையும் தனித்தனியாகச் சுமக்காமல் இருப்பது பெரிய நிம்மதி. மேடைக்கு மேடை போகிறவர் என்றால் இதையே வாங்கச் சொல்வேன். அதன் உயரம் பெரும்பாலும் நிலையானது என்பதை மறக்கக்கூடாது. செய்து தருபவரிடம் உங்கள் அளவைச் சொல்லி வாங்குங்கள். கிடைக்கும் அளவில்தான் வாங்க முடியும் என்றால், தேவைக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் வாங்கி மேலே ஒரு மெத்தைப் பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். உயரம் அதிகமான பெட்டியைக் குறைப்பது எளிதல்ல. சில பெட்டிகளில் முதுகுச் சாய்வும் பொருத்துகிறார்கள். வாசிக்கும்போது நாம் சற்று முன்னால் சாய்ந்தே இருப்பதால் முதுகு அதில் படுவதில்லை. நீண்ட நிகழ்ச்சிகளில் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே சாய்ந்து ஓய்வெடுக்கவே அது பயன்படும். கைப்பிடிகள் உள்ள எதுவும் முழங்கைகளை இடிக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

எங்கே உட்காருவது என்பதைப் பற்றிப் பலர் பேசுவதே இல்லை. அதனால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஸ்டீல் கிட்டாரில் ஃபிரெட்டுகள் வெறும் கோடுகள்; தந்தி அவற்றைத் தொடுவதில்லை. எஃகுக் கட்டை கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறதா என்பதை முதலில் கண்ணும், முடிவாகக் காதும் சொல்கின்றன. தந்தியின் அதிரும் நீளம் 24 அங்குலம் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டாம் ஃபிரெட்டில் மீதமிருப்பது ஏறத்தாழ 305 மில்லிமீட்டர். அங்கே கட்டை ஒரு மில்லிமீட்டர் விலகினால் சுருதி 6 சென்ட் அளவுக்கு மாறும். ஓர் அரைச் சுருதிக்கு 100 சென்ட் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இருபத்து நான்காம் ஃபிரெட்டில் அதே ஒரு மில்லிமீட்டர் 11 சென்ட் ஆகிவிடும். இப்போது, தந்தி கோட்டுக்கு மேல் 10 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், உங்கள் கண் அதற்கு மேல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொண்டால், நீங்கள் நேற்று உட்கார்ந்த இடத்திலிருந்து இன்று 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி உட்கார்ந்தாலே, கோடும் தந்தியும் ஒன்றுக்கொன்று ஒரு மில்லிமீட்டர் விலகித் தோன்றும். காது அதைத் திருத்தும்தான். ஆனால் விரைவான தாவல்களில் கட்டை முதலில் போய் நிற்பது கண் காட்டிய இடத்தில்.

எனவே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்காருவது, சரியான உயரத்துக்கு இணையான முக்கியத்துவம் உடையது. மூக்கு நுனியிலிருந்து நேராக ஒரு நூல் விட்டால் அது பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் பதினைந்தாம் ஃபிரெட்டுக்கும் இடையில் விழும்படி உட்காருவது நல்ல தொடக்கம். அந்த இடத்திலிருந்து இடது முழங்கால் தன் லீவர்களின் நடுவில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ஈ9-இல், ஏ பெடலை அழுத்தியபடியே, ஈ தந்திகளை எஃப்-க்கு உயர்த்தும் எஃப் லீவரையும் இடது முழங்காலால் தள்ளும் இணைப்பு அடிக்கடி வரும். ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸின் பெயரால் வழங்கும் அமைப்பில் ஏ பெடல் இடக்கோடியில் இருக்கும், எஃப் லீவரையும் இடப்பக்கமே தள்ள வேண்டும் என்பதால் காலும் முழங்காலும் ஒரே பக்கம் போகும். இன்னொரு ஸ்டீல் கலைஞரான ஜிம்மி டேயின் பெயரால் வழங்கும் அமைப்பில் வரிசை தலைகீழ், ஏ பெடல் வலப்பக்கம் வந்துவிடும், எஃப் லீவரையும் வழக்கமாக வலப்பக்கமே தள்ள வேண்டும். உங்கள் கிட்டார் எந்த அமைப்போ, அதில் அந்த இணைப்பைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை செய்யுங்கள். இடுப்பு நகராமல் செய்ய முடிந்தால் பக்கவாட்டு இடம் சரி. சரியான இடம் கிடைத்ததும், இருக்கையின் முன்கால்கள் தரையில் நிற்கும் இடத்தையும், கிட்டாரின் கால்கள் நிற்கும் இடத்தையும் ஒட்டுநாடாவால் குறித்துவிடுங்கள்.

முன்பின் தூரத்துக்கு வலது கணுக்கால்தான் அளவுகோல். வால்யூம் பெடல் பாதி திறந்திருக்கும்போது கணுக்கால் தளர்ந்த நிலையில் இருக்க வேண்டும். இருக்கை கிட்டாருக்கு மிக அருகில் இருந்தால் பாதம் மேல்நோக்கி மடிந்தே கிடக்கும், கால் எலும்பின் முன்பக்கத் தசை ஒரு பாட்டு முடிவதற்குள் சோர்ந்துவிடும். தொலைவில் இருந்தால் கால் நீண்டு, பெடலின் நுனி அழுந்தி, ஒலி அளவு தன்னையறியாமல் கூடும். இருக்கையை முன்னோக்கிச் சரியும்படி அமைத்தால் முதுகு நிமிரும் என்று சிலர் சொல்வது ஓரளவு உண்மை. ஐந்து பாகை வரை தவறில்லை. அதற்கு மேல் போனால் உடம்பு முன்னால் வழுக்கி, அந்த எடை இரண்டு பாதங்களிலும் இறங்கும். அங்கே இறங்கக்கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும்.

காலணியை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறும். குதிகால் ஓர் அங்குலம் உயர்ந்த காலணி முழங்காலையும் ஏறக்குறைய அந்த அளவு உயர்த்தி, மேல்நோக்கிய லீவரை ஓயாமல் தொட வைக்கும். அடிப்பகுதி அகலமான ஓட்டக் காலணி பக்கத்துப் பெடலையும் சேர்த்து அழுத்தும். அடி மெல்லியதாகவும் முன்பகுதி குறுகியதாகவும் உள்ள ஒரே ஜோடியை வாசிப்பதற்கென்று ஒதுக்கி வையுங்கள். வீட்டில் வெறுங்காலோடு பழகிவிட்டு மேடையில் காலணியோடு உட்காராதீர்கள்.

இப்போதே எதையும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பிடி இல்லாத, சமமான தட்டுள்ள ஒரு மர ஸ்டூலை எடுத்துக்கொண்டு, 12 மில்லிமீட்டர் பிளைவுட்டை அதன் தட்டின் அளவுக்கு நான்கைந்து துண்டுகளாக அறுத்து, நழுவாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாடாவால் கட்டி, மேலே உறுதியான ஃபோமை வைத்து உட்காருங்கள். ஒவ்வோர் உயரத்திலும் மூன்று நாள், நாளுக்கு முப்பது நிமிடம் வாசித்து, பாதங்களைத் தூக்கும் சோதனையையும் ஒலி அலைவுச் சோதனையையும் செய்து, வலி எங்கே தொடங்குகிறது, எத்தனையாவது நிமிடத்தில் தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் கிட்டாரின் உயரத்தையும் இருக்கையின் உயரத்தையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. இரண்டு வாரங்களில் உங்கள் எண் கிடைத்துவிடும், அரை அங்குலத்துக்குள் துல்லியமாக. உயரம் சரியாகி, விளிம்பும் சரியாகி, அதற்குப் பிறகும் தொடை மரத்துப்போவது நீடித்தால், அல்லது வாசிக்காத வேளையிலும் அந்த மரப்பு இருந்தால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். அதை இருக்கையால் தீர்க்க முயலக்கூடாது.

அந்த எண்ணையும், கிட்டாரின் மேற்பரப்பு தரையிலிருந்து இருக்கும் உயரத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கிட்டார் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள், அருகில் ஓர் அளவு நாடாவையும் வையுங்கள். வெளியிடங்களில் உங்களுக்குத் தரப்படுவது பெரும்பாலும் பின்சரிவுள்ள மடக்கு நாற்காலியாகத்தான் இருக்கும். பின்கால்களின் அடியில் அந்தப் பிளைவுட் துண்டுகளில் ஒன்றிரண்டை வைத்துத் தட்டைச் சமமாக்கி, மேலே உங்கள் ஃபோமைப் போட்டால், ஒரு மணி நேர நிகழ்ச்சியை வலியின்றி முடித்துவிடலாம்.